பாக் பில்ரர் அமுக்கம் ஏறாமல் இறங்குகிறது, தியேட்டர் அமுக்கமும் விழுந்துவிட்டது

கோண்டாவில்_குளிர்

எல்லோருக்கும் வணக்கம். யாழ் நகரத்துக்குள் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு (தியேட்டருக்கு) வடிகட்டிக் குளிராக்கிய காற்றுக் கொடுக்கும் இயந்திரமான ஏஎச்யூவை நான்தான் பார்க்கிறேன். முதலில் கழுவிப் பாவிக்கும் பில்ரர் (கழுவும் பில்ரர்), பிறகு பை வடிவிலான பாக் பில்ரர், குளிர்நீர்க் கொயில், அதற்குப் பின்னால் பெல்ற் போட்ட விசிறி. கூரையில் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா பில்ரர்.

பாக் பில்ரரைப் பொங்கல் முடிந்த கையோடு மாற்றினோம். அன்று அதன் மானி 120 பஸ்கால் காட்டியது. இப்போது 85தான் காட்டுகிறது. தூசி பிடிக்கப் பிடிக்க ஏறத்தானே வேண்டும்? இதற்கிடையில் கூடத்தின் அமுக்கம் நடைபாதையை விட 20 பஸ்கால் கூடி இருந்தது, இப்போது 6தான். கதவு முன்னைப்போல எதிர்த்துத் தள்ளுவதில்லை என்று தாதி ஒருவர் சொன்ன பிறகுதான் அந்த மானியைக் கவனித்தேன்.

விசிறியின் இரு பக்கமும் மனோமீற்றரை (அமுக்க வித்தியாசம் அளக்கும் கருவியை) போட்டுப் பார்த்தால் மொத்தம் 765 பஸ்கால். பொருத்திய காலத்துத் தாளில் 750. ஆகவே விசிறியில் குறை இல்லை என்று நினைக்கிறேன். ஏஎச்யூவின் அடியில் கொஞ்சம் தண்ணீரும் கசிகிறது, அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். பில்ரர் நன்றாக இருக்கிறது, இப்போது கை வைக்கத் தேவையில்லை என்கிறது நிர்வாகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தொடங்குவது?

இணுவில்_இயந்திரம்

தம்பி, மனம் ஒப்பாதது சரிதான். பில்ரர் அமுக்கம் இறங்குவதை ஒருநாளும் நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். அந்த மானி தூசியை அளப்பதில்லை. பில்ரருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அளக்கிறது. காற்றின் அளவு குறைந்தால் அந்த வித்தியாசமும் குறையும். பில்ரரைச் சுற்றிக் காற்று ஓட வழி கிடைத்தாலும் குறையும். பில்ரர் கிழிந்தாலும் குறையும்.

ஆனால் முதலில் மானியையே நம்பலாமா என்று பாருங்கள். இரண்டு ரியூப்பையும் கழற்றி விட்டால் முள் சரியாகப் பூச்சியத்துக்கு வர வேண்டும். ஊசி மானி என்றால் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்த்துப் பொருத்தியிருந்தால் குறைந்த வீச்சு மானிகளில் பூச்சியமே நகர்ந்துவிடும். பிறகு ரியூப். எங்கள் வெக்கைக்கு அந்தப் பிளாஸ்ரிக் ரியூப் முனையில் கட்டியாகி, மானியின் முலையை (ரியூப் மாட்டும் குழாய்முனையை) பிடிக்கும் இடத்தில் மயிரளவு வெடிக்கும். விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும். விசிறி இழுக்கும் பக்கத்து ரியூப்பில் அப்படி ஒரு வெடிப்பு இருந்தாலே வாசிப்புக் குறைந்து காட்டும். வாயால் ஊதிச் சோதிக்க வேண்டாம். ஈரம் உள்ளே போகும், சிறிய வீச்சு மானியின் மென்தகடும் கெடும்.

கோண்டாவில்_குளிர்

அண்ணை, பார்த்துவிட்டேன். பூச்சியம் சரி. ஒரு ரியூப் முனை வெடித்திருந்தது, வெட்டிப் போட்டேன். வாசிப்பு 2 பஸ்கால்தான் மாறியது. பெல்ற் இழுவை சரி, விசிறியின் சுற்று வேகமும் தாளில் உள்ளதுதான்.

பழைய_ஃபோர்மன்

மொத்தம் 765 என்பதை வைத்து விசிறியை விடுதலை செய்வது சரி. ஆனால் தொகுதியை விடுதலை செய்ய முடியாது. அந்த 765 எங்கே செலவாகிறது என்பதுதான் கேள்வி. விசிறியின் இழுக்கும் பக்கம் எவ்வளவு, தள்ளும் பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். நீங்கள் கூட்டி எழுதியதால்தான் குறை மறைந்து நிற்கிறது.

ஏஎச்யூவின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் ஒரு துளை போடுங்கள்: வரும் காற்று, கழுவும் பில்ரருக்குப் பின், பாக் பில்ரருக்குப் பின், கொயிலுக்குப் பின், விசிறிக்குப் பின், ஹெப்பாவுக்கு முன். மனோமீற்றரின் ஒரு முலையை இயந்திர அறையில் திறந்தபடி விட்டு, மற்றதை ஒவ்வொரு துளையிலும் வையுங்கள். அறைக் கதவை ஒரே நிலையில் வைத்திருங்கள். இயந்திர அறையில் வெளியேற்று விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள். அந்த அறையின் அமுக்கம் மாறினால் உங்கள் வாசிப்பு எல்லாம் சேர்ந்து மாறும்.

துளை விஷயத்தில் பலர் அவசரப்படுவார்கள். வெளியிலிருந்து ட்றில் போடும்போது தகட்டின் உள்விளிம்பில் பிசிறு சுருண்டு நிற்கும். காற்று அதில் மோதிச் சுழன்றால் நிலை அமுக்கம் (ஓட்டத்தின் வேகம் சேராத அமுக்கம்) பிழையாகக் காட்டும். கதவைத் திறந்து உள்ளே கை விட்டு, விரலில் தட்டாத வரை அதை அராவி எடுங்கள். முனைக் குழாய் வைத்திருந்தால் அதன் மூக்கு காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். விசிறியின் வாய்க்கு நேரே, வளைவின் உட்பக்கம், டாம்பருக்கு (காற்றை மட்டுப்படுத்தும் தகட்டுக்கு) பின்னால் என்று கொந்தளிக்கும் இடங்களில் அளக்க வேண்டாம். கொயிலுக்குப் பின்னால் அளக்கும்போது நீர்த்துளி ரியூப்புக்குள் ஏறும். ஒரு துளி குறுக்கே நின்றாலே வாசிப்புக் கெட்டுவிடும். ரியூப்பை மேல்நோக்கி எடுத்துச் செல்லுங்கள், இடைக்கிடை கழற்றி உதறுங்கள். அளந்து முடிந்ததும் துளைகளை றப்பர் அடைப்பானால் மூடுங்கள். அடுத்த முறை அதே துளையில்தான் அளக்க வேண்டும்.

முடிந்தால் நேரான டக்ற்றில் (காற்றுக் குழாயில்) பிற்றோ குழாய் போட்டு வேகமும் பாருங்கள். காற்றின் அளவு தெரியாமல் பில்ரர் வாசிப்புக்குப் பொருள் இல்லை.

வல்வை_வாடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டிஜிற்றல் மனோமீற்றர் இல்லை. அரிசி ஆலை ஒன்றில் உமித் தூசி பிடிக்கும் சைக்கிளோனைப் பார்க்கிறேன். ஹாட்வெயார் கடையில் மேசன்மார் வாங்கும் மட்டக் குழாயை வளைத்து, தண்ணீர் ஊற்றி அளக்கலாமா?

பழைய_ஃபோர்மன்

தாராளமாக. யூ குழாய்க்கு அளவுத்திருத்தச் சான்றிதழே தேவையில்லை. தண்ணீரின் அடர்த்தியும் புவியீர்ப்பும்தான் அதன் சான்று. இரண்டு மட்டத்துக்கும் இடையில் 1 மி.மீ. என்றால் 9.8 பஸ்கால். ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 249. சைக்கிளோனில் சாதாரணமாக நூற்றுக்கணக்கில் வருவதால் மட்டக்கோலாலேயே வாசிக்கலாம்.

உள்விட்டம் 6 மி.மீ.க்குக் குறையாத குழாயாக எடுங்கள். ஒடுங்கிய குழாயில் தண்ணீர் சுவரில் ஒட்டிக்கொண்டு சரியாக இறங்காது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அந்த ஒட்டல் குறையும். காற்றுக் குமிழி ஒன்றும் உள்ளே நிற்கக் கூடாது. ஒரு பக்கம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். ஏறியதையும் இறங்கியதையும் கூட்ட வேண்டும்.

சிறிய அமுக்கத்துக்குக் குழாயைச் சாய்த்து வையுங்கள். பத்துக்கு ஒன்று சாய்வு வைத்தால் 1 மி.மீ. உயரம் 10 மி.மீ. நீளமாகத் தெரியும். சாய்மானக் கருவிகள் எல்லாம் இந்த ஒரே தந்திரம்தான்.

ஆய்வுகூடத்தி

சாய்மானக் கருவி பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்களிடம் திருத்த வருபவற்றில் அடிக்கடி காண்பது இது. கடையில் வாங்கும் சாய்மான மனோமீற்றர்களில் பலவற்றில் சிவப்பு எண்ணெய் இருக்கும். அதன் சாரடர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.826. அளவுகோலில் "தண்ணீர் அங்குலம்" என்று எழுதியிருந்தாலும், கோடுகள் அந்த எண்ணெய்க்காகவே இழுக்கப்பட்டவை. எண்ணெய் குறைந்துபோனால் யாரோ சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அது உண்மையை விட 17 வீதம் குறைத்துக் காட்டும். உள்ளே இருப்பதும் சிவப்பாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. குடுவையில் எழுதியுள்ள சாரடர்த்தியைப் பார்த்து அதே எண்ணெயைத்தான் விட வேண்டும்.

டிஜிற்றல் மீற்றரை வெயிலில் நின்ற வாகனத்திலிருந்து எடுத்து நேரே குளிர் அறைக்குள் கொண்டுபோய் அளக்காதீர்கள். உணரி சூடாறும் வரை பூச்சியம் நகர்ந்துகொண்டே இருக்கும். போட்டு வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்து பூச்சியமாக்குங்கள். அளந்து முடிந்த பிறகும் பூச்சியத்தை ஒருமுறை பாருங்கள். திரும்பி வரவில்லை என்றால் இடையில் எடுத்த வாசிப்புகளை ஏற்க முடியாது.

சான்றிதழ் தேவை என்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் இடைக்காலத்தில் ஒரு ரீ இணைப்பான் போட்டு, தண்ணீர் யூ குழாயோடு டிஜிற்றல் மீற்றரைச் சேர்த்து ஒரே துளையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 300 பஸ்காலுக்கு மேல் இது நல்ல சோதனை.

கோண்டாவில்_குளிர்

அளந்துவிட்டேன். எல்லாம் இயந்திர அறையோடு ஒப்பிட்டு, பஸ்காலில்.

வரும் காற்று −45. கழுவும் பில்ரருக்குப் பின் −90. பாக் பில்ரருக்குப் பின் −175. கொயிலுக்குப் பின், அதாவது விசிறியின் இழுக்கும் பக்கம் −485. விசிறிக்குப் பின் +280. ஹெப்பாவின் குறுக்கே 205.

பழைய தாளில் இழுக்கும் பக்கம் −370, தள்ளும் பக்கம் +380, கொயிலின் குறுக்கே 110, ஹெப்பா 250.

பிற்றோ குழாயில் சராசரி வேகம் வினாடிக்கு 6 மீற்றர். தாளில் 8.

இணுவில்_இயந்திரம்

கொயில்! 110 இருந்த இடத்தில் 310.

பழைய_ஃபோர்மன்

நல்ல வேலை தம்பி, ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். இப்போது மொத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். 370ம் 380ம் சேர்ந்து 750. 485ம் 280ம் சேர்ந்து 765. கூட்டுத்தொகை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் விசிறியின் பலம் இழுப்பதிலேயே செலவாகி, கூடத்துக்குத் தள்ள மிஞ்சுவது குறைந்துவிட்டது. காற்று நாலில் மூன்று பங்குக்கு வந்துவிட்டது. வெளியேற்றும் காற்று பழையபடியே போகிறது, உள்ளே வருவது குறைந்தது. அதுதான் 20 பஸ்கால் 6 ஆனது.

நாலில் மூன்று பங்கு காற்றில் கொயில் சுத்தமாக இருந்தால் என்ன காட்ட வேண்டும்? கொயிலிலும் டக்ற்றிலும் அமுக்க இழப்பு காற்றளவின் வர்க்கத்தோடு போகும் என்று எடுத்துக்கொள்ளலாம். 0.75ஐ வர்க்கித்தால் 0.56. 110 என்பது 62 ஆகியிருக்க வேண்டும். 310 காட்டுகிறது என்றால் உண்மையான அடைப்பு ஐந்து மடங்கு. 110ஐயும் 310ஐயும் நேரே ஒப்பிட்டு மூன்று மடங்கு என்று நினைத்தால் அதுவும் குறைவான கணக்கு.

இனி நீங்கள் முதலில் கேட்ட பாக் பில்ரர். பில்ரர்த் துணியில் இழப்பு வர்க்கமாகப் போவதில்லை. ஹெப்பாவில் ஏறக்குறைய நேர் விகிதம், பாக் பில்ரரில் இரண்டுக்கும் இடையில். 120 காட்டிய புதுப் பில்ரர் இந்தக் காற்றில் 68க்கும் 90க்கும் இடையில் காட்டும். உங்களுடையது 85. அதாவது பொங்கலிலிருந்து ஓடியும் அந்தப் பில்ரர் புதிதைப்போல இருக்கிறது! தூசி அதில் பிடிக்கவில்லை என்றால் எங்கே போனது? கொயிலில் இருக்கிறது. காற்று பில்ரரைச் சுற்றிப் போகிறது.

பில்ரர்ச் சட்டத்தைக் கழற்றி, பின்பக்கம் ரோச் அடித்து ஓரங்களைப் பாருங்கள். காற்று சுற்றி ஓடும் இடத்தில் தகட்டில் கறுப்புக் கோடு இழுத்திருக்கும்.

ஸ்காபரோ_தமிழன்

நான் கனடாவில் இதே வேலை. ஃபோர்மன் ஐயா சொன்னதோடு இன்னொன்று: அந்தக் கசியும் தண்ணீர் வேறு பிரச்சினை இல்லை, இதே பிரச்சினை. வடிகால் தட்டு கொயிலின் கீழே, விசிறியின் இழுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே −485 பஸ்கால். அதை 9.8ஆல் பிரியுங்கள், 49 மி.மீ. தண்ணீர். தட்டின் வடிகால் வாய்க்கும் ட்ராப்பின் (தண்ணீர் நின்று காற்றை மறிக்கும் வளைந்த வடிகால் குழாயின்) வெளிவாய்க்கும் இடையில் உயர வித்தியாசம் எவ்வளவு?

கோண்டாவில்_குளிர்

இப்போதுதான் போய் அளந்தேன். 40 மி.மீ.

ஸ்காபரோ_தமிழன்

அதுதான். பழைய −370க்கு 38 மி.மீ. போதும், 40 மட்டுமட்டாகப் பிடித்தது. இப்போது 49 தேவை. விசிறி தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. தட்டில் எந்நேரமும் ஒரு சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், மூலைப் பொருத்தால் கசியும். விசிறியை நிறுத்தியவுடன் வடிகாலில் தண்ணீர் கொட்டும், அதைக் கவனித்தீர்களா?

கொயிலைக் கழுவினால் அமுக்கம் இறங்கித் தண்ணீர் ஓடிவிடும். ஆனாலும் ட்ராப்பை மாற்றுங்கள். இழுக்கும் அமுக்கத்துக்குச் சமமான தண்ணீர் உயரத்தோடு 25 மி.மீ. கூட்டுவது வழக்கம். பில்ரர் அழுக்கான நாளையும் நினைத்து 75 மி.மீ. வையுங்கள். ட்ராப்புக்குள் நிற்கும் தண்ணீர் அதில் பாதியாவது இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும் காற்றின் பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. பில்ரரை விட எனக்கு அதுதான் கவலை.

கோண்டாவில்_குளிர்

ஓம், விசிறியை நிறுத்தினால் வடிகாலில் சத்தத்தோடு கொட்டுகிறது! இவ்வளவு காலமும் அது வழமை என்று நினைத்திருந்தோம். பில்ரர்ச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் கஸ்கற் (இடுக்கை அடைக்கும் பட்டி) ஒரு முழ நீளத்துக்கு உரிந்து தொங்குகிறது. அந்த இடத்தில் நீங்கள் சொன்ன கறுப்புக் கோடு. கொயிலின் கீழ்ப்பாதி செம்மண் நிறத்தில் கம்பளிபோல மூடியிருக்கிறது.

இணுவில்_இயந்திரம்

கழுவும்போது காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடியுங்கள், அழுக்கு வந்த வழியே வெளியேற வேண்டும். பிறஷர் வோஷர் வேண்டாம், அலுமினியச் செதில் மடிந்துவிடும். அசிற் அறவே வேண்டாம், ஏற்கெனவே எங்கள் உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்கிறது. பாக் பில்ரரைத் தண்ணீர் படாமல் வெளியே எடுத்து வையுங்கள். முக்கியமாக, தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லி, கூடத்தை மூடிய பிறகு செய்யுங்கள். திறப்பதற்கு முன் காற்று மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்தி

கூடத்தின் அமுக்கத்தை எந்த மீற்றரால் அளக்கிறீர்கள்? டக்ற்றுக்குப் பயன்படுத்திய அதே மீற்றர் என்றால் கவனம். 10,000 பஸ்கால் வரை போகும் சிறிய கைமீற்றர்கள் ஒரு பஸ்கால் படியில் காட்டும், பிழை எல்லை மூன்று பஸ்கால் வரை இருக்கும். அதில் 6 என்றால் 3ஆகவும் இருக்கலாம், 9ஆகவும் இருக்கலாம். தனிமைப்படுத்தல் அறைகளுக்கு அமெரிக்க வழிகாட்டிகள் கேட்கும் குறைந்தபட்ச வித்தியாசமே 2.5 பஸ்கால்தான். அங்கே அந்த மீற்றரால் ஒன்றும் சொல்ல முடியாது. 0.1 பஸ்கால் காட்டும் குறை வீச்சு மீற்றரை எங்காவது இரவல் எடுங்கள்.

கதவின் கீழ் இடுக்கில் ஊதுபத்திப் புகை பிடித்துப் பார்ப்பதும் நல்லது, கூடம் பாவனையில் இல்லாதபோது மட்டும். எவ்வளவு என்று தெரியாது, எந்தப் பக்கம் என்று பொய் சொல்லாது.

ஒப்பீட்டு ரியூப்பை ஜன்னலுக்கு வெளியே விட வேண்டாம். கச்சான் காற்று வீசும் காலத்தில் வினாடிக்கு 10 மீற்றர் காற்று நேரே மோதினால் 60 பஸ்கால். நீங்கள் தேடும் 20 அதற்குள் காணாமல் போய்விடும். நடைபாதையில், கதவும் மின்விசிறியும் இல்லாத பக்கமாக வையுங்கள்.

வல்வை_வாடை

பிற்றோ குழாயில் சராசரி எடுப்பது எப்படி என்று ஒரு வரி சொல்வீர்களா? எனக்கும் உமிக் குழாயில் வேகம் பார்க்க வேண்டும்.

பழைய_ஃபோர்மன்

குழாயின் குறுக்கே பல புள்ளிகளில் வேக அமுக்கம் (பிற்றோவின் இரண்டு முனைக்கும் இடையிலான வித்தியாசம்) எடுங்கள், சதுர டக்ற் என்றால் 25 புள்ளியாவது. ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்து, 1.29ஆல் பெருக்கினால் வேகம். பிறகுதான் சராசரி. அமுக்கங்களைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் போட்டால் கூடிய வேகம் வரும். 15 பஸ்கால் என்றால் வினாடிக்கு 5 மீற்றர், 60 என்றால் 10, இதை மனத்தில் வைத்திருந்தால் பிழையான வாசிப்பு உடனே தெரியும். எங்கள் சூட்டுக்கு இரண்டு வீதம் கூடலாம், அதை விட்டுவிடலாம். நுவரெலியாவில் வேலை செய்தால் விட முடியாது, அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உமிக் குழாயில் பிற்றோவின் மூக்குத் துளை அடைபடும், ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு எடுத்து ஊதித் துடையுங்கள்.

கோண்டாவில்_குளிர்

கஸ்கற் புதிது, கொயில் கழுவியாயிற்று, ட்ராப் 75 மி.மீ.க்கு மாற்றியாயிற்று. இன்றைய வாசிப்பு: வரும் காற்று −75, கழுவும் பில்ரருக்குப் பின் −131, பாக் பில்ரருக்குப் பின் −256, கொயிலுக்குப் பின் −375. விசிறிக்குப் பின் +385, ஹெப்பா 265. வேகம் 7.8. கூடம் 18 பஸ்கால், இரவல் எடுத்த குறை வீச்சு மீற்றரில். தட்டு காய்ந்திருக்கிறது.

பாக் பில்ரரின் குறுக்கே 125 வருகிறது. இனி எந்த எண்ணில் மாற்றுவது? நிர்வாகத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும்.

பழைய_ஃபோர்மன்

பில்ரர்ப் பெட்டியில் தயாரிப்பாளர் இறுதி அமுக்கம் எழுதியிருப்பார், அதைத் தாண்ட விட வேண்டாம். அதற்கு முன்னாலேயே கூடத்தின் அமுக்கம் இறங்கத் தொடங்கினால் அந்த எண்தான் உங்கள் எல்லை. மானிக் கண்ணாடியில் சிவப்புக் கோடு ஒன்றை மட்டும் போடாமல், 110இலும் ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே முள் இறங்கினாலும் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று ஏஎச்யூவை இயக்குபவரிடம் எழுத்தில் கொடுங்கள். கொயிலின் குறுக்கேயும் நிரந்தரமாக ஒரு மானி பொருத்தச் சொல்லிக் கேளுங்கள்.